மான் வேட்டைக்கு ‘மேக்னம்’ தோட்டா அவசியமா? சட்டமும் மார்க்கமும் சொல்வது என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத முஸ்லிம் குடும்பங்கள் குறைவு. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் என்று போன தலைமுறைக்குப் பிறகு, இப்போது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா என்று நம் பிள்ளைகள் குடியேறுகிறார்கள். அந்த நாடுகளில் உரிமம் பெற்று, அனுமதிக்கப்பட்ட பருவத்தில் மான் வேட்டையாடுவது சட்டப்படி செல்லும். உடன் வேலை செய்கிறவர்கள் விடுமுறை நாளில் அழைக்கிறார்கள். போக ஆசைப்படும் பிள்ளைகள் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். மான் வேட்டைக்கு மேக்னம் தோட்டா போடும் ரைஃபிள் வாங்கலாமா, சாதாரண ரைஃபிள் போதுமா என்பது ஒன்று. சுட்டு விழுந்த மான் ஹலாலா என்பது மற்றொன்று.

முதல் கேள்வியைத் துப்பாக்கிக் கடையில் கேட்க வேண்டும், இரண்டாவதை ஆலிமிடம் கேட்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே எவ்வளவு தூரத்திலிருந்து சுடத் துணிகிறோம் என்பது அமைகிறது. எவ்வளவு தூரத்திலிருந்து சுடுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த மான் எப்படிச் சாகிறது, அதன் அருகே நாம் கத்தியோடு போய்ச் சேர முடிகிறதா, குறி தவறினால் குண்டு யார் மீது போய் விழும் என்பதெல்லாம் அமைகின்றன.

இதைப் படிக்கும் பலர் ஊரில் இருப்பவர்கள். ஆகவே நம் நாட்டு நிலைமையிலிருந்தே தொடங்குவோம்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை

மன்னராட்சிக் காலத்தில் புதுக்கோட்டையின் காப்புக்காடுகளில் வேட்டை நடந்தது. சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்தது. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று மான் வேட்டை இந்தியாவில் குற்றம். புள்ளிமான், கடமான், வெளிமான் எதுவாக இருந்தாலும், எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும், துப்பாக்கியே இல்லாமல் சுருக்குக் கண்ணியோ நாயோ கொண்டு பிடித்தாலும் குற்றம்தான். கொல்வது மட்டும் இதில் அடங்கும் என்று எண்ண வேண்டாம். விரட்டுவது, பொறி வைப்பது, முயன்று தோற்பது எல்லாமே அந்தச் சட்டத்தின் கண்ணில் ‘வேட்டை’தான்.

பலருக்குத் தெரியாத பகுதி இறைச்சி பற்றியது. வேட்டையாடப்பட்ட விலங்கின் இறைச்சி அரசின் சொத்து என்கிறது சட்டம். அது ஒருவர் வீட்டில் இருந்தால், முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. “நான் சுடவில்லை, விலை கொடுத்துத்தான் வாங்கினேன்” என்பது பதிலாகாது. தண்டனை பொதுவாக 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். முதல் பட்டியலில் உள்ள வெளிமான் போன்றவற்றுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. 1998இல் ஜோத்பூர் அருகே வெளிமான் வேட்டையாடிய வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரல் 5 அன்று கீழமை நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்ததையும், அவர் இரண்டு இரவுகள் சிறையில் கழித்துப் பின்னர் ஜாமீனில் வந்ததையும் நாடே பார்த்தது. குற்றம் சாட்டப்பட்ட நாளுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய 20 ஆண்டுகள். பணமும் வழக்கறிஞர்களும் உள்ளவருக்கே இந்த அலைச்சல் என்றால், கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதி என்னவாகும் என்று யோசிக்க வேண்டும்.

துப்பாக்கி உரிமம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் கிடைப்பதுண்டு. அது துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் அனுமதி. மானைச் சுடும் அனுமதி அல்ல. விலங்கு பயிரை அழித்தாலும் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் வனத்துறைக்கே உண்டு. கோடையில் தண்ணீர் தேடி வயல் பக்கம் வரும் புள்ளிமானைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாய்களை விரட்டிவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்வது.

வேட்டையை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்க அரசாங்கம் எப்படித் தடுக்கலாம் என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. வேட்டை ஆகுமாக்கப்பட்ட ஒன்று, கடமை அல்ல. ஆகுமான ஒன்றைப் பொது நன்மைக்காக ஆட்சியாளர் கட்டுப்படுத்தினால் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சட்டம். இடத்தாலும் காலத்தாலும் வேட்டை தடைபடுவது மார்க்கத்துக்குப் புதிதும் அல்ல. இஹ்ராம் உடையில் இருப்பவர் தரையில் வேட்டையாடக் கூடாது என்று குர்ஆனே தடுக்கிறது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டக்கூடக் கூடாது. மதீனாவுக்கும் நபி (ஸல்) அவர்கள் அத்தகைய எல்லையை வகுத்தார்கள்.

மேக்னம் என்றால் என்ன?

இனி வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வாழும் நம்மவர்களின் கேள்விக்கு வருவோம். அதற்குமுன் ஒரு சொல் விளக்கம். பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பற்ற வைக்கும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. துப்பாக்கியிலிருந்து பறந்து போவது குண்டு மட்டுமே.

மேக்னம் என்பது லத்தீன் சொல். பொருள் ‘பெரியது’. ஒரே விட்டமுள்ள குண்டைப் பெரிய கூட்டில் பொருத்தி, கூடுதல் வெடிமருந்து அடைத்து, கூடுதல் வேகத்தில் அனுப்பினால் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். இது உற்பத்தியாளர்கள் வைக்கும் வணிகப் பெயர். இன்ன அளவுக்கு மேல் போனால்தான் மேக்னம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் யானை, சிங்கம் போன்றவற்றுக்காக .375 மேக்னம் தோட்டாவைக் கொண்டு வந்தது. அதன் அடிப்பகுதியில் பட்டை போன்ற ஒரு வளையம் இருக்கும். அந்தக் கூட்டின் வழியில் அமெரிக்காவில் பிறந்தவைதான் 1962இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமும், 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னமும். இன்று மான் வேட்டைக்காரர்கள் மேக்னம் என்று பேசினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

மேக்னம் அல்லாத வழக்கமான தோட்டாக்கள் 1906இல் வந்த .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, 1952இல் வந்த .308 வின்செஸ்டர், 1955இல் வந்த .243 வின்செஸ்டர் முதலியவை. துப்பாக்கிக் குழலை விட்டு வெளியேறும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றலை ஜூல் கணக்கில் பார்த்தால் .243க்குச் சுமார் 2,600, .308க்குச் சுமார் 3,600, .30-06க்குச் சுமார் 3,950. மேக்னங்களில் 7 மி.மீ. ரெமிங்டனுக்குச் சுமார் 4,350, .300 வின்செஸ்டருக்குச் சுமார் 4,750. குண்டின் எடைக்கு ஏற்ப இவை கூடும், குறையும்.

மானுக்கு எவ்வளவு பலம் போதும்?

இதற்குப் பதில் சொல்ல வேட்டைக்காரர்களின் வாய்ச்சண்டை தேவையில்லை. வேட்டையை அனுமதிக்கும் நாடுகளின் சட்டங்களே சொல்கின்றன. அந்தச் சட்டங்கள் மான் துடிதுடிக்காமல் சாக வேண்டும் என்பதற்காகக் குறைந்தபட்ச அளவை வகுத்திருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம், குழலின் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக்கூடாது என்கிறது. அது சுமார் 2,300 ஜூல். .243 வின்செஸ்டரே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். அங்கே காடுகளில் திரிவது நம் கடமான். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகியது. நன்கு வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தப் பெரிய மானுக்கே விக்டோரியா விதிகள் கேட்கும் குறைந்தபட்சம் .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன், அதாவது சுமார் 8.4 கிராம், எடையுள்ள குண்டும்தான். புள்ளிமானுக்கு .243 அங்குலமே போதும் என்கிறது. இரண்டுக்கும் மேக்னம் கட்டாயமில்லை.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. ஜிம் கார்பெட் 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக அவருக்கு .275 ரிக்பி ரைஃபிள் பரிசாகக் கிடைத்தது. 1926இல் ருத்ரபிரயாக் ஆட்கொல்லிச் சிறுத்தையை வீழ்த்தியது அந்த .275தான். இன்றைய மேக்னம்களோடு ஒப்பிட்டால் அது மென்மையான தோட்டா. அவர் அதை நம்பியது பக்கத்தில் போய், பார்த்து, பொறுத்துச் சுட்டதால்.

அப்படியானால் மேக்னம் எதற்கு? 300 கிலோவுக்கு மேற்பட்ட எல்க், அதைவிடப் பெரிய மூஸ் போன்ற விலங்குகளுக்கும், மறைவே இல்லாத மலைச்சரிவில் 300, 400 மீட்டர் தாண்டிச் சுட வேண்டிய இடங்களுக்கும் அது பயன்படும். குண்டு வேகமாகப் போவதால் தூரத்தில் குறைவாகத் தாழும், காற்றில் குறைவாக விலகும். ஆனால் 200 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு இந்த நன்மையால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. காட்டோர மான் வேட்டையில் பெரும்பாலான குறிகள் இந்தத் தூரத்துக்குள்தான் அமைகின்றன.

கூடுதல் பலத்துக்குக் கொடுக்கும் விலை

முதலாவது, உதைப்பு. ஏறக்குறைய ஒரே எடையுள்ள ரைஃபிளில் .308ஐவிட .300 மேக்னம் தோளை ஒன்றரை மடங்கு பலமாக உதைக்கும். .243இன் உதைப்பு .308இன் உதைப்பில் ஏறக்குறைய பாதி. புதிதாகச் சுடுகிறவருக்கு இரண்டு மூன்று முறை தோள் வலித்தால், அடுத்த முறை விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடிக்கொண்டு தோளைச் சுருக்குவார். அவரை அறியாமலேயே உடம்பு அப்படிச் செய்யும். குறி ஒரு சாண் விலகும். நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றில் படும். வயிற்றில் சுடப்பட்ட மான் மணிக்கணக்கில் ஓடி, எங்கோ புதரில் கிடந்து சாகும். சுட்டவர் கையிலும் கிடைக்காது. பலவீனமான தோட்டாவைவிட இடம் தவறிய பலமான தோட்டா மானை அதிகம் வதைக்கிறது.

இரண்டாவது, இறைச்சி. வேகம் கூடக்கூட, அருகிலிருந்து சுடும்போது மெல்லிய உறையுள்ள குண்டு உடம்புக்குள் சிதறும். தோள் தசை முழுவதும் இரத்தம் கட்டிப் பயன்படாமல் போகும்.

மூன்றாவது, ஈயம். இதைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வேட்டைக் குண்டுகளின் உள்ளே ஈயமே இருக்கிறது. அது சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து தள்ளியிருக்கும் சதையிலும் போய்த் தங்கும். 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கு நன்கொடையாக வழங்கப்பட்ட மான் கொத்துக்கறியில் ஈயத் துகள்கள் கண்டறியப்பட்டன. அதை விநியோகிக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொன்னது. கர்ப்பிணிகளும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் ஈயக் குண்டால் சுடப்பட்ட இறைச்சியை உண்ண வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு அறவே தடை. இதற்கு மாற்று, முழுவதும் செம்பாலான குண்டு. அது சிதறாமல் பூப்போல் விரிந்து, ஒரே துண்டாக நிற்கும் அல்லது வெளியேறும். ஆகவே எந்தத் தோட்டா என்று கேட்கிறவர், மேக்னமா என்பதற்கு முன்னால் குண்டு எதனால் ஆனது என்று கேட்பதே குடும்பத்துக்கு நல்லது.

குண்டின் வகையிலும் எச்சரிக்கை தேவை. இராணுவத்தில் பயன்படும் முழு உறைக் குண்டு விரியாமல் ஊடுருவிப் போகும். மான் காயத்தோடு ஓடும். இங்கிலாந்துச் சட்டம் மானுக்கு விரியும் குண்டு மட்டுமே அனுமதிப்பதன் காரணம் இதுதான்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

இந்தப் பாடத்தை நாம் வெளிநாட்டில் போய்த் தேட வேண்டியதில்லை. விஜயாலய சோழீஸ்வரத்துக்குப் பெயர் பெற்ற நம் நார்த்தாமலையில், 2021 டிசம்பர் 30 அன்று, தன் தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பசுமலைப்பட்டி பயிற்சித் தளத்தில் பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடந்த நாள் அது. தளத்துக்கும் அந்த வீட்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அந்தப் பிள்ளை 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். தளம் மூடப்பட்டது. அரசு நிவாரணம் அறிவித்தது. அந்தத் தாய்க்குப் பிள்ளை திரும்பி வரவில்லை.

பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், மலையை முன்னால் வைத்துச் சுட்டும் இப்படி நடக்கிறது என்றால் காட்டில் தனியாக நிற்கும் ஒருவரின் பொறுப்பு எவ்வளவு பெரியது? வேட்டை ரைஃபிளின் குண்டு மேல்நோக்கிச் சுடப்பட்டால் 3 முதல் 5 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. சாதாரண .308க்கும் இது பொருந்தும், மேக்னத்துக்கும் பொருந்தும். சிறுவர் விளையாட்டுத் துப்பாக்கிபோல் தோன்றும் .22 தோட்டாவின் குண்டுகூட ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும். பாறையிலோ தண்ணீரிலோ பட்டால் திசை மாறித் தெறிக்கும். மானின் உடம்பை ஊடுருவி வெளியே வந்து மேலும் பயணிக்கும்.

ஆகவே மானைப் பார்ப்பதோடு வேலை முடியவில்லை. மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குண்டை விழுங்கும் மண்மேடு இருக்க வேண்டும். குன்றின் விளிம்பில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மானைச் சுடவே கூடாது. பின்னால் ஒரு வீடு, ஒரு பாதை, இன்னொரு வேட்டைக்காரர் இருக்கிறாரா என்பதை 400 மீட்டருக்கு அப்பால் உறுதியாகச் சொல்ல யாரால் முடியும்? மேக்னம் விற்கிறவர் தூரத்தை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கிறார். தூரம் கூடக்கூட நமக்குத் தெரியாதவையும் கூடுகின்றன. ஒரு மனித உயிரைத் தவறுதலாகக் கொன்றால்கூட இரத்த ஈடும் பரிகாரமும் கடமையாகும் என்று குர்ஆன் வகுத்திருப்பதை வேட்டைக்குப் போகிறவர் மறக்கக் கூடாது.

சுடப்பட்ட மான் ஹலாலா?

வேட்டைச் சட்டங்களின் அடிப்படை அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விவரங்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அவை பதிவாகியுள்ளன. அவற்றின் சாரம் இது: அல்லாஹ்வின் பெயர் சொல்லி எய்த ஆயுதம் கூர்மையால் துளைத்துக் கொன்றால் உண்ணலாம். பக்கவாட்டில் அடித்து, மோதலால் கொன்றால் உண்ணக் கூடாது. அது அடிபட்டுச் செத்த பிராணியின் வகையில் சேரும். அம்பு பட்டபின் தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தாலும் உண்ணக் கூடாது. அம்பால் செத்ததா, மூழ்கிச் செத்ததா என்பது தெரியாது.

துப்பாக்கி அந்தக் காலத்தில் இல்லை. குண்டு துளைக்கிறதா, மோதிக் கொல்கிறதா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டார்கள். ஹனஃபி மத்ஹபின் பெரும் அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக் குண்டு கூர்மையால் அல்லாமல் வேகத்தாலும் மோதலாலும் கொல்வதால் அது செல்லாது என்றார். அதே காலத்தில் யமனில் வாழ்ந்த இமாம் ஷவ்கானி, அது உடம்பைத் துளைத்துச் செல்வதால் செல்லும் என்றார். அவர்கள் பார்த்தது உருண்டை ஈயக் குண்டு. இன்றைய ரைஃபிள் குண்டு கூர்முனை உடையது. அது அம்பைப் போலத் துளைப்பதால் ஆகும் என்று இக்கால அறிஞர்களில் பலர் சொல்கிறார்கள். பேணுதலுக்காகக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்பகுதிகளில் ஹனஃபி மத்ஹபும் பரவலாக இருப்பதால், அவரவர் தாம் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. நாட்டுத் துப்பாக்கியின் பால்ரஸ் குண்டுகளும் உருண்டை என்பதால் அவற்றில் கருத்து வேறுபாடு இன்னும் கடுமையானது.

யாரும் வேறுபடாத ஒரு வழி இருக்கிறது. சுட்டவுடன் விரைந்து போய், மான் உயிரோடு இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழுத்தை அறுத்துவிட்டால் எல்லா மத்ஹபிலும் அது ஹலால். மாறாக, உயிரோடு கிடைத்தும், அறுக்க அவகாசம் இருந்தும் அறுக்காமல் விட்டால் அது ஹராம். விசையை அழுத்தும்போதே பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். ஷாஃபிஈகளிடம் இது சுன்னத். ஹனஃபிகளிடம் வேண்டுமென்றே விட்டால் இறைச்சி கூடாது.

இங்கேதான் தோட்டாவின் கேள்வியும் ஹலாலின் கேள்வியும் சந்திக்கின்றன. 80 மீட்டரில் நிற்கும் மானை .308ஆல் சுட்டவர், கத்தியோடு ஒரு நிமிடத்தில் பக்கத்தில் நிற்பார். பள்ளத்தாக்கின் அக்கரையில் 400 மீட்டர் தள்ளி நிற்கும் மானை மேக்னத்தால் சுட்டவர், இறங்கி ஏறிப் போய்ச் சேர அரை மணி நேரமாகலாம். அதற்குள் மான் செத்திருக்கும். கருத்து வேறுபாடில்லாத வழி அவருக்கு அடைபட்டுப் போகும். முஸ்லிம் வேட்டைக்காரருக்குத் தேவைப்படுவது எட்டிச் சுடும் ரைஃபிள் அல்ல, நெருங்கிப் போகும் பொறுமை.

தின்பதற்கல்லாமல் குறிபார்க்கும் விளையாட்டுக்காக உயிரைச் சுடுவது தனிப் பாவம். உயிருள்ள எதையும் இலக்காக வைக்க நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு நிம்மதி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

சுருக்கமாக

வேட்டை அனுமதிக்கப்பட்ட நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு:

1. முதலில் அந்த நாட்டின் ஆயுத உரிமம், வேட்டை அனுமதி, பாதுகாப்புப் பயிற்சி. இவை இல்லாமல் நண்பரின் துப்பாக்கியைத் தொடக்கூட வேண்டாம்.

2. சாதாரண மானுக்கு .243 முதல் .30-06 வரையிலான தோட்டாக்களில், சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தைத் தாண்டிய ஒன்று போதும். கடமான், சிவப்பு மான் போன்ற பெரிய மானுக்கு .270, .308 அல்லது .30-06. இவற்றுக்கெல்லாம் மேக்னம் தேவையில்லை.

3. விரியும் வகைக் குண்டு, முடிந்தால் செம்புக் குண்டு.

4. பயிற்சித் தளத்தில் ஒரு சாண் வட்டத்துக்குள் தவறாமல் சுட முடிகிற தூரமே உங்கள் வேட்டைத் தூரம். அதைத் தாண்டி நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

5. பின்னால் மண்மேடு, நாவில் பிஸ்மில்லாஹ், இடுப்பில் தீட்டிய கத்தி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விசையைத் தொட வேண்டாம்.

ஊரில் இருக்கும் நமக்கு விஷயம் இன்னும் எளிது. இங்கே மானுக்கு உரிய தோட்டா என்று ஒன்று இல்லை. “நல்ல மான் கறி வந்திருக்கு அத்தா, வேணுமா?” என்று யாராவது கேட்டால், அது யாரால், எப்படிக் கொல்லப்பட்டது, பிஸ்மில்லாஹ் சொல்லப்பட்டதா, அவுட்டுக்காயில் வாய் கிழிந்து செத்ததா, நாய் கடித்துச் செத்ததா என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அது சட்டப்படி அரசின் சொத்து, எடுத்து விற்பவருக்கு அதில் உரிமை இல்லை. சந்தேகமானதை விட்டுச் சந்தேகமில்லாததை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது மார்க்கம். நம் சந்தையில் ஆட்டுக்கறிக்கா பஞ்சம்?

வெளிநாட்டில் இருக்கும் மகனோ தம்பியோ புது ரைஃபிளின் படத்தை அனுப்பினால் ‘மாஷா அல்லாஹ்’ என்று மட்டும் பதில் போடாமல், உரிமம் எடுத்தாயா, எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறாய், குண்டு எங்கே போய் நிற்கும் என்று பெற்றோரும் சகோதரர்களும் கேட்க வேண்டும். கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்தாலே பல விபத்துகள் நடக்காமல் போகும், இன்ஷா அல்லாஹ்.